எட்டாம் நம்பர் செருப்பு

ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கும் சன்னாசிக்கு இரண்டு கால் இருக்கிறது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்க்கிறேன். இரண்டுதான். இரண்டு பாதம், இரண்டு கட்டைவிரல், இரண்டையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கிழிசலால் கட்டியிருக்கிறார்கள், எல்லாப் பிணத்துக்கும் கட்டுவதுபோல. ஆனால் சன்னாசிக்கு வலது கால் கிடையாது, முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல்தான் அவன் இத்தனை வருஷமாகக் கட்டை ஊன்றி நடந்தான், எனக்கு இடது கால் இல்லாத மாதிரி. பிறகுதான் புரிகிறது, அது பரண்மேல் கிடந்த ரப்பர் கால். ஏதோ சங்கத்துக்காரர்கள் முகாம் போட்டு இலவசமாகக் கொடுத்தது. மாட்டினால் புண்ணாகிறது என்று ஒரே வாரத்தில் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு அதற்கு 'மாப்பிள்ளை' என்று பேர் வைத்திருந்தான். "ஓசில வந்தான், ஒரு வேலையும் செய்ய மாட்டேங்குறான், வீட்ட விட்டும் போவ மாட்டேங்குறான், வேற என்னா பேரு வைக்கிறது சார்?" என்பான். அந்த மாப்பிள்ளையைத்தான் இறக்கித் தூசி தட்டி அவன் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவன் மகன் அறிவழகன் வேலையாக இருக்கும், அப்பா முழுசாகப் போகவேண்டும் என்று நினைத்திருப்பான், பிள்ளைக்கு அப்படித்தானே தோன்றும். ரப்பர் கால் ரொம்பச் சிவப்பாக இருக்கிறது. வெள்ளைக்காரன் கால் மாதிரி. சன்னாசியின் நிஜக் கால் முப்பது வருஷம் துறையூர் பஸ்ஸில் கண்டக்டராக நின்று நின்று கறுத்து நரம்பு முடிச்சு போட்ட கால். இந்த இரண்டையும் பார்த்தால் சன்னாசியே சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தலுக்குள் வெயில் ஓட்டை ஓட்டையாக விழுகிறது. அரியமங்கலத்தில் காற்று என்பதே கிடையாது போல. பிளாஸ்டிக் நாற்காலி முதுகில் ஒட்டுகிறது. நாற்காலிக்கு அடியில் மஞ்சள் பை, பைக்குள் புதுச் செருப்பு, இடது கால் ஒற்றைச் செருப்பு. புறப்படும்போது என் சம்சாரம் மரகதம் கேட்டாள், "சாவு வீட்டுக்கு யாராச்சும் செருப்பு கொண்டு போவாங்களா?" இது அவனுடையது என்றேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, "அங்கேருந்து நேரா வீடு, வழியில எங்கயும் நிக்கக் கூடாது, கொல்லப்பக்கமா வந்து தலை முழுவிட்டுத்தான் உள்ள" என்று மட்டும் சொன்னாள். சாவுத் தீட்டு விஷயத்தில் மரகதத்தை அசைக்கவே முடியாது. அவள் அப்பா செத்த அன்று மாத்திரை வாங்கக்கூட என்னைக் குளிக்காமல் கடைக்குள் விடவில்லை. இப்போது உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருக்கிறாள், ஒப்பாரிக்கு நடுவில் அவள் இருமல் எனக்குத் தனியாகக் கேட்கிறது.

அந்த இரண்டு காலையும் இங்கிலீஷில் என்ன சொல்வது? இதுதான் என் புத்தி. செத்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல் தேடும் புத்தி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள், எனக்குக் கரும்பலகைப் பழக்கம். எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் இந்தப் பாடத்தை நடத்தினேன், இரண்டு என்பதற்கு இங்கிலீஷ்காரன் எத்தனை சொல் வைத்திருக்கிறான் பாருங்கடா என்று ஆரம்பிப்பேன். பி-ஏ-ஐ-ஆர், பேர் என்றால் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்த இரண்டு, ஒன்று போனால் மற்றது குப்பை, செருப்பு, கம்மல், கையுறை மாதிரி. கத்தரிக்கோல் ஒன்றுதான், ஆனாலும் அவன் அதைப் பேர் என்பான், பிரிக்க முடியாது என்பதால். கப்பிள் வேறே. அது எந்த இரண்டுமாகவும் இருக்கலாம், இரண்டையும் எதுவோ சேர்த்துக் கட்டியிருக்கவேண்டும், அவ்வளவுதான். முதலில் அது வேட்டை நாய்கள் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கிற வாருக்குப் பெயர், பிறகுதான் புருஷன் பெண்டாட்டிக்கு வந்தது என்று சொன்னால் பையன்கள் மேஜையைத் தட்டுவார்கள். பொன்மலைப் பையன்களுக்கு விளக்கவே வேண்டாம், ரயில் பெட்டிக்குப் பெட்டி போடுகிற கப்ளிங்கை ரயில் பட்டறையில் அப்பாக்கள் கையில் பார்த்தவர்கள். ட்வின்ஸ் என்றால் ஒரே வயிறு. டூவோ என்றால் மேடை வேண்டும், பார்க்க நாலு பேர் வேண்டும். யோக் என்றால் நுகத்தடி, மாடு. கடைசியாக பிரேஸ். அதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் இறங்கும். கவுதாரி இரண்டு புதரில் மேய்ந்தால் பேர், சுட்டு விழுந்த பிறகு காலைச் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டால் பிரேஸ். அப்போது சுலபமாகச் சொல்லிவிட்டு டஸ்டரைத் தேடப் போய்விடுவேன். இப்போது ஐஸ் பெட்டிக் கண்ணாடிக்குள் கட்டைவிரல்கள் கட்டியிருப்பதைப் பார்க்கும்போது அந்தச் சொல்தான் வந்து வந்து நிற்கிறது. வேண்டாம். அது சுட்ட பறவைக்கு. அதுவும் இரண்டும் செத்தால்தான் அந்தச் சொல். ஒன்று இன்னும் நாற்காலியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்? ஆஸ்பத்திரியில் சன்னாசி கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான். ஆண்கள் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்கு இடது கால் எடுத்து மூன்று நாளோ நாலு நாளோ, அவனுக்கு வலது கால். இரண்டு பேருக்கும் சர்க்கரைதான், இரண்டு பேருக்கும் ஆரம்பம் ஒரு மிளகு அளவுப் புண். நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, மரகதத்தோடுகூட. அப்போது பக்கத்துக் கட்டிலிலிருந்து ஒரு குரல், "சார், உங்க செருப்பு என்னா நம்பரு?" கால் போனவனிடம் கேட்கிற கேள்வியா? எரிச்சலோடு எட்டு என்றேன். "அட, நமக்கும் எட்டுதான் சார். உங்களுக்கு லெப்ட்டு வேணாம், எனக்கு ரைட்டு வேணாம். இனிமே ஒரு செருப்பு வாங்குனா நம்ம ரெண்டு பேருக்கும் பத்தும்ல?" நான் திரும்பிப் பார்த்தேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தான். கால் எடுத்த பிறகு நான் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்தால் தையல் இழுத்தது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் கேட்டான், "நீங்க இங்கிலீஷ் வாத்தியாராமே. நம்ம ரெண்டு பேர மாதிரி இருந்தா இங்கிலீஷ்ல என்னான்னு சொல்லுவான்?" பேர் என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் பேர் என்றால் ஒரே மாதிரிச் செய்தது, இவன் கண்டக்டர், நான் வாத்தியார், எங்களை யார் ஒரே அச்சில் வார்த்தார்கள்? கப்பிள் என்றால் அடுத்த கட்டில்காரன் சிரிப்பான். யோசிச்சுச் சொல்றேன் என்றேன். இத்தனை வருஷத்தில் சொல்லவே இல்லை.

செருப்பு விஷயத்தில் மட்டும் அவன் சொன்னபடியே நடந்தது. பெரிய கடைவீதியில் அந்தச் சந்துக் கடை, மெத்து மெத்தென்ற கறுப்பு ரப்பர் வைத்த சர்க்கரைக்காரர் செருப்பு அங்கேதான் நன்றாக இருக்கும். முதல் தடவை நான் தனியாகப் போய் ஒற்றைச் செருப்பு கேட்டேன். கடைக்காரர் என் காலைப் பார்த்தார், மேலே பார்த்தார், "ஜோடியாத்தான் சார் தர முடியும், மிச்சத்த நான் யாருகிட்ட விப்பேன்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவை என் முறை, ஒரு தடவை அவன் முறை. நிறத்தில் மட்டும் எப்போதும் சண்டை. அவனுக்கு அரக்கு வேண்டும், முப்பது வருஷம் காக்கிக்குக் கீழே அரக்குத்தான் போட்டானாம். எனக்குக் கறுப்பு. "சார், நீங்க கறுப்பு வாங்கிட்டு வந்தா நான் வெறுங்காலோட நடப்பேன், அப்புறம் புண்ணு வந்தா உங்களத்தான் கேப்பாங்க" என்று மிரட்டுவான். தேய்மானத்தில் இன்னொரு சண்டை. என் செருப்பு குதிங்கால் பக்கம் தேயும், அவனுடையது விரல் பக்கம் தேயும், எவனுடையது முதலில் போகிறதோ அப்போது இரண்டு பேருமே மாற்றவேண்டும் என்பது ஒப்பந்தம். "நீங்க தரையத் தேச்சுத் தேச்சு நடக்குறீங்க, பாக்கி இருக்குற என் செருப்புக்கும் சேத்து ஆயுசு போவுது" என்பான். ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் சிமெண்டு பெஞ்சில் உட்காருவோம், அவன் இடது ஓரம், நான் வலது ஓரம். அவனுடைய இடது கால் அந்தப் பக்கம், என்னுடைய வலது கால் இந்தப் பக்கம், நடுவில் இருக்கவேண்டிய இரண்டும் இல்லை. எதிரே நின்று பார்த்தால் ஒரு பெரிய மனுஷன் காலை அகட்டி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்குமாம், அவன் பேத்தி சொன்னாள். அதைக் கேட்டு அவன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "நாம ரெண்டு அரை டிக்கெட்டு சார். சேத்தா ஒரு முழு டிக்கெட்டு. செக்கிங் வந்தா தனித்தனியா மாட்டிக்குவோம்." ஒவ்வொரு ஞாயிறும் எழுந்திருக்கும்போது கேட்பான், "என்னா சார், அந்த வார்த்த கெடச்சுதா?" இன்னும் இல்லடா என்பேன். பேசாம ஜோடின்னு வச்சுக்குவோம் சார் என்பான். எனக்குப் பிடிக்காது. ஜோடி ஒரு சோம்பேறிச் சொல். புறாவுக்கும் ஜோடி, வளையலுக்கும் ஜோடி, பரோட்டாவுக்கும் ஜோடி, புருஷன் பெண்டாட்டிக்கும் ஜோடி, எதையும் பிரித்துக் காட்டாது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். அவனிடம் அப்படியே சொன்னேன். "மூட்டையாக் கட்டுனா தூக்க சுளுவு சார்" என்றான். அதெல்லாம் நினைவிருக்கிறது, அவன் குரல்கூட அப்படியே காதில் இருக்கிறது, பெட்டிக்குள் இருக்கிற முகம்தான் யாரோ மாதிரி இருக்கிறது.

பாவி. என்னிடம்கூடச் சொல்லவில்லையே. போன வாரம் என் முறை, அவன் ஆசைப்பட்டபடி அரக்கு நிறத்திலேயே வாங்கி வைத்துவிட்டு போன் பண்ணினேன். "கொஞ்சம் காச்சலா இருக்கு சார், ஞாயித்துக்கெழம வேணாம், அடுத்த வாரம் பாப்போம்" என்றான். குரலில் ஒன்றும் தெரியவில்லை, வழக்கம்போல நிறத்தைக் கேட்டான், அரக்கு என்றதும் "வழிக்கு வந்தீங்களா" என்றான். அப்போதே மிச்சமிருந்த அந்த இடது கால் உள்ளே அழுகிக்கொண்டிருந்திருக்கிறது. கடைசிவரை சாக்ஸ் போட்டு மறைத்திருக்கிறான். விஷம் ரத்தத்தில் ஏறி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதே நினைவு இல்லையாம். எதற்கடா மறைத்தாய்? கேட்டால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியும், ஏனென்றால் என் வலது கால் கட்டைவிரலுக்கு அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கிறது. அதுவும் மிளகு அளவுதான். எப்போது வந்ததென்று தெரியாது, வலித்தால்தானே தெரியும், வலிக்காததுதானே இந்த வியாதி. ராத்திரி படுப்பதற்கு முன்னால் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கவேண்டும் என்பது டாக்டர் உத்தரவு, முன்பெல்லாம் மரகதம்தான் பார்ப்பாள். பொட்டு வந்த பிறகு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டேன். அவள் அடுப்படியிலிருந்து கேட்பாள், "கால் பாத்தீங்களா?" பார்த்தேன். "எப்படி இருக்கு?" கால் மாதிரி இருக்கு. தினம் இதே கேள்வி, இதே பதில், அவள் இதற்கு ஒரு சிரிப்புச் சிரிப்பாள், நான் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவேன். முதல் காலுக்கு நான் மறைக்கவில்லை. புண் வந்த மறுநாளே கொண்டுபோய்க் காட்டினேன், நல்ல பிள்ளையாக. விரல் போதும் என்றார்கள், பிறகு பாதம் என்றார்கள், பிறகு முழங்கால் என்றார்கள். காட்டினால் கால் போகிறது. காட்டாவிட்டால் ஆளே போகிறான், அதோ படுத்திருக்கிறான். இரண்டுக்கும் நடுவில் வழி ஏதாவது இருக்குமா என்று பொட்டு வந்ததிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன். சில சமயம் அது மச்சம் என்று தோன்றும். அறுபத்தாறு வயதில் மச்சமா வரும்? இந்தக் காலும் போனால் மரகதம் என்னைத் தூக்கவேண்டும், அவளுக்கே இடுப்பு சரியில்லை, குளியலறைக்கு, கட்டிலுக்கு, எல்லாவற்றுக்கும் தூக்கவேண்டும். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவார்கள். செருப்பே தேவைப்படாது. வாசலில் செருப்பு இல்லாத வீட்டைப் பார்த்தால் ஆள் இல்லை என்றுதானே நினைப்பார்கள். மாலை போடும்போது பெட்டிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றினேன், வெறுங்காலோடு இரண்டு நிமிஷம் தரையில் நின்றேன், அந்தப் பொட்டுக்குள் மண் ஏதாவது போயிருக்குமா? பெருவிரலை உள்ளுக்குள் மடக்கிப் பார்க்கிறேன். ஒன்றும் தெரியவில்லை. நல்ல வேளை என்று நினைக்கிறேன், உடனே பயம் வருகிறது.

வேன் வந்துவிட்டது. சங்கு ஊதுகிறார்கள், பெண்கள் சத்தம் ஒரேயடியாக உயர்கிறது, நாற்காலிகளை ஒதுக்குகிறார்கள். சன்னாசியைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் பெஞ்சின்மேல் கிடத்துகிறார்கள். வேனோடு வந்த மயானத்து ஆள் துணியை விலக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு அறிவழகனைக் கூப்பிடுகிறான். "இது என்னாங்க, ரப்பரா? உள்ள கம்பி வேற இருக்கும்ல. கேஸ்ல எரிக்கிற மேடையில இதெல்லாம் வைக்கக் கூடாதுங்க. எடுத்துருங்க." அறிவழகன் எடுக்க மாட்டேன் என்கிறான். அவன் கண் சிவந்திருக்கிறது, மூன்று ராத்திரி தூங்காத கண். "எங்கப்பா பாதி ஆளா போவணுமா? நொண்டின்னு கூப்புட்டதெல்லாம் இங்கயே முடியட்டும். முழு ஆளா அனுப்புறேன்." மயானத்து ஆள் கெட்டவன் இல்லை. மெதுவாகத்தான் சொல்கிறான், "தம்பி, வெடிச்சுச் செதறும்ப்பா. அப்பன அப்படியா அனுப்புவ?"  அறிவழகனே ரப்பர் விரல் பக்கத்து முடிச்சை அவிழ்த்து, அந்தச் சிவப்புக் காலைப் பிடித்து உருவி, எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறான். சன்னாசியின் கறுத்த கால் தனியாகக் கிடக்கிறது. விரலில் துணிக் கிழிசலின் ஒரு முனை மட்டும் இருக்கிறது, மறுமுனை காற்றில் ஆடுகிறது. அதைப் பார்க்க முடியவில்லை என்னால். முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், திரும்பவும் பார்க்கிறேன். எதோடு கட்டுவது என்று ஆளாளுக்குப் பேசுகிறார்கள். அவர் ஊன்றின கட்டையோடு கட்டு என்கிறான் ஒருவன். மூங்கில் ஒண்ணு நறுக்கிட்டு வா என்கிறான் இன்னொருவன். சும்மா விட்டுட்டா என்ன என்று யாரோ கேட்க, காரியம் பார்க்க வந்த கிழவர் தலையை ஆட்டுகிறார். "விடக் கூடாது. கால கட்டாம அனுப்புனா ஆவி நடமாடும். அதுலயும் ஒத்தக் காலு. ஒத்தக் காலு ஜோடி தேடும்." அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. யாரும் வேண்டுமென்று பார்க்கவும் இல்லை. ஆனால் பந்தலில் உள்ள அத்தனை கண்ணும் ஒரு தரம் என் வலது காலைத் தொட்டுவிட்டுப் போகிறது. நான் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொள்கிறேன், மஞ்சள் பை சரசரக்கிறது. ஜோடி தேடும். தேடி வந்துவிட்டதே, தேடிக்கொண்டு முன்கூட்டியே வந்து என் விரலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறதே. நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பேயாவது பிசாசாவது என்று சொன்னவன். ஆனால் அந்தத் துணியின் மறுமுனை நீண்டு தரையோடு வந்து என் விரலைச் சுற்றினால் எப்படி இருக்கும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போய்விடலாமா சன்னாசி? போய்விட்டால் காட்டவேண்டாம், அறுக்க வேண்டாம், மரகதம் தூக்க வேண்டாம். சரியாக அந்தச் சமயத்தில் உள்ளேயிருந்து மரகதத்தின் இருமல் கேட்கிறது.

பொன்னாயி வெளியே வருகிறாள். சன்னாசியின் சம்சாரம் இவ்வளவு குள்ளம் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது, எப்போதும் உட்கார்ந்தபடியே டீ கொடுப்பாள். யாரோ பிடிக்கப் போகிறார்கள், கையை உதறிவிட்டு நேராகப் புருஷன் கால்மாட்டில் வந்து நிற்கிறாள். கிழவர் மறுபடி சொல்ல ஆரம்பிக்கிறார். அவள் முடிக்க விடவில்லை. "அந்தக் காலு ஒண்ணும் தேடாது. அதோட ஜோடி அந்தா நாக்காலில உக்காந்திருக்கு, உசுரோட. உசுரோட இருக்குற கால எதுக்குய்யா பொணத்தோட முடிச்சுப் போடப் பாக்குறீங்க? அவுரு காலு அவுரோட போவட்டும். சாரு காலு சாரோட இருக்கட்டும்." குனிந்து அந்தக் கட்டைவிரலில் இருக்கிற முடிச்சைத் தேடுகிறாள். ஈரத்தில் இறுகியிருக்கிறது, நகத்தால் நோண்டி நோண்டி அவிழ்க்கிறாள், எல்லாரும் காத்திருக்கிறோம். அவிழ்த்த துணியைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொள்கிறாள். கிழவர் விலகி வழி விடுகிறார். எனக்கு அப்போதுதான் அழுகை வருகிறது, வெட்கம் பார்க்காமல் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறேன். ஜோடி. இத்தனை வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அவன் கேட்டான், நான் தேடிக்கொண்டே இருந்தேன், அவன் அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டான். என்ன வாத்தியார் நான்? பொன்னாயி என் முன்னால் வந்து நிற்கிறாள். "சார், செருப்பு கொண்டாந்தீங்களா?" பையை எடுத்து நீட்டுகிறேன். "தெரியும் சார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கறதுக்கு முன்னாடி பெனாத்திக்கிட்டே கெடந்தாரு. வாத்தியாரு மொறை, வாங்கி வச்சிருப்பாரு, போயி வாங்கிட்டு வான்னு." செருப்பை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்க்கிறாள், அரக்கு வாரை விரலால் தடவுகிறாள். "கருமாதிக்குச் செருப்பும் கொடையும் வச்சுக் கும்புடணும் சார். போற வழியெல்லாம் சுடுமாம்ல. ஒத்தச் செருப்ப எப்படி வைக்கிறது? அன்னிக்கு மத்ததப் போட்டுக்கிட்டு நீங்க வந்து பக்கத்துல நிக்கணும். வருவீங்கள்ல?" வர்றேம்மா என்று வாயிலிருந்து வந்துவிடுகிறது. அவள் போகவில்லை. என் காலைத்தான் பார்க்கிறாள், நான் உள்ளுக்கு இழுத்து மடக்கி வைத்திருக்கிற விதத்தை. இந்த வீட்டில் இப்படி ஒரு காலை இழுத்து மடக்கி வைத்திருந்தவனோடு இருந்தவள். குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள், "அவுரு என்கிட்டகூடக் காட்டாம வச்சிருந்துட்டாரு சார்." அவ்வளவுதான் சொல்கிறாள். செருப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். சன்னாசியைத் தூக்குகிறார்கள்.

உறையூர் வீட்டுக்குத் திரும்பும் ஆட்டோவில் மரகதம் என் கட்டைகளைத் தன் மடிமேல் குறுக்காக வைத்துக்கொண்டிருக்கிறாள். வேன் போன பக்கம் ஊதுவத்திப் புகை இன்னும் இருக்கிறது. பாலக்கரை சிக்னலில் வெயில் கண்ணைக் குத்துகிறது, பக்கத்தில் ஒரு துறையூர் பஸ், படியில் ஒரு கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறார், இரண்டு காலிலும் நிற்கிறார். பையன்கள் அவரைத் தள்ளிக்கொண்டு ஏறுகிறார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்கு நான் போய் நிற்கவேண்டும். வர்றேம்மா என்று சொல்லியாயிற்று. செத்தவனுக்குக் கொடுத்த வாக்காக இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம், இது பொன்னாயிக்குக் கொடுத்தது. இந்தக் காலோடு நிற்பேனோ, விரல் இல்லாமல் நிற்பேனோ, யாராவது தூக்கி நிறுத்துவார்களோ. அறுப்பது ஒருவேளை விரலோடு முடிந்துவிடலாம். மிளகு அளவுதானே, முதல் தடவை காட்டியபோது அது நெல்லிக்காய் அளவு. சீக்கிரம் காட்டியிருந்தால் விரலோடு போயிருக்கும் என்று அந்த டாக்டர் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது, இத்தனை நாளும் ஏன் வரவில்லை? மறுநாளே காட்டினேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்திருக்கிறேன், என்னிடமும். நான் பார்த்ததற்கு மறுநாள். அதற்கு முன்னால் அது எத்தனை நாளாக இருந்ததோ. மரகதம் என் பக்கம் திரும்புகிறாள். "பொணத்துக்கு முன்னாடி வெறுங்காலோட நின்னீங்களே, உள்ளேருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். கால் பாத்தீங்களா?" பார்த்தேன். "எப்படி இருக்கு?" கால் மாதிரி இருக்கு என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருக்கிறது, தினம் சொல்லிப் பழகிய வாய். சிக்னல் விழுந்து ஆட்டோ குலுங்குகிறது. "நீ பாரு மரகதம்" என்கிறேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. நான் செருப்பை உதறிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி அவள் மடியில் கட்டைகளுக்குமேல் வைக்கிறேன். அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிறாள். விரலை விலக்குகிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்க்கிறேன், ஒரு பூக்கடை போகிறது, ஒரு மருந்துக்கடை போகிறது. எப்பலேருந்து என்று அவள் கேட்கவில்லை. ஏன் மறைச்சீங்க என்று கேட்கவில்லை. கட்டைவிரலைத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொள்கிறாள். பிறகு முன்னால் குனிந்து ஆட்டோக்காரரிடம் சொல்கிறாள். "தம்பி, உறையூர் வேணாம்ப்பா. நேரா பெரியாஸ்பத்திரிக்கு விடு." தலை முழுகணுமே மரகதம் என்கிறேன். "அது கெடக்கு" என்கிறாள்.